நாகர்கோவில் டவுன் பஸ் இணைப்பு: கேள்வி பதில்

சுசீந்திரத்திலிருந்து அம்மாவை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகிறேன், அண்ணாச்சி. நான் வரும் நேரத்துக்கு அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் மாற வேண்டியிருக்கிறது. நேர் பஸ் விட முடியாதா?

முடியும், அதற்குப் புது பஸ்கூட வேண்டாம். சுசீந்திரம் பக்கமிருந்து வரும் வண்டியும் ஆசாரிபள்ளம் போகும் வண்டியும் ஸ்டாண்டிலேயே நடையை முடித்துக்கொண்டு, நின்று, வந்த வழியே திரும்புகின்றன. இரண்டு நடையையும் சேர்த்து ஒரே வண்டியை ஊரின் குறுக்கே ஓடவிட்டால் மாறும் வேலையே இல்லை. ஸ்டாண்டில் இடமும் மிச்சமாகும்.

ஒரு சிக்கல் உண்டு. கோட்டாறு நெரிசலில் பிந்திய வண்டி, அந்தத் தாமதத்தை ஆசாரிபள்ளம் வரைக்கும் கொண்டுபோகும். அதனால் நடுவில் ஐந்து நிமிடமாவது கையில் வைத்து நேரம் போட வேண்டும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஓய்வைக் கடைசி நிறுத்தத்தில் கொடுக்கலாம். எல்லாத் தடத்துக்கும் இது சரிவராது. ஆனால் ஆஸ்பத்திரித் தடத்தில் கட்டாயம் செய்ய வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது சரிதான், ஆனால் கூட வரும் ஆண் இரண்டு டிக்கெட் எடுக்கிறார். நோயாளிக்கோ இரண்டு தடவை படி ஏறி இறங்கும் பாடு.

பார்வதிபுரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பஸ் வருகிறது, அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. இன்னும் பஸ் விட்டால் சரியாகுமா?

முதலில் இருக்கிற பஸ்ஸைப் பிரித்து விட வேண்டும். மணிக்கு நான்கு பஸ் என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பீர்கள். இரண்டிரண்டாக வந்தால் அதே நான்கு பஸ்ஸுக்கு 15 நிமிடம். வேறு வேறு ஊருக்குப் போகும் வண்டிகளானாலும், டவுனுக்குள் ஒரே சாலையில் ஓடும்வரை நேரத்தைச் சேர்த்துத்தான் போட வேண்டும்.

விடிகாலையில் வெளியூர் பஸ்ஸில் வடசேரியில் இறங்கினால் ஆட்டோதானா?

டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் நடைகளில் சிலவற்றை வடசேரியைத் தொட்டு விட்டாலே போதும்.

எங்கள் தெருவுக்குள் மினி பஸ் வருமா?

1997 திட்டத்தில் 16 கி.மீ. பஸ் இல்லாத பாதை, 4 கி.மீ. பஸ் ஓடும் பாதை என்று கணக்கு. அந்த 4 கி.மீ. பல இடத்தில் ஸ்டாண்டுவரை எட்டவில்லை. புதிய திட்டத்தில் 25 கி.மீ. வரை போகலாம், 65 சதவீதம் பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். தடம் கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

மற்ற குறைகளை யாரிடம் சொல்ல?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ‘பஸ் வசதி வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நிறுத்தம், தடம் எண், எத்தனை மணிக்கு வந்தது, எந்த வண்டியைத் தவறவிட்டீர்கள் என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.