பழைய ஹோண்டா சிட்டி விடெக்கில் ஆயில் லைட் மினுங்குகிறது, இன்ஜின் உள்ளே ‘டொக் டொக்’ சத்தம். வேறு இன்ஜின் போடச் சொல்கிறார்கள். இதையே சரிசெய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியும். ஆனால் பதிலை முழுக்கப் படிக்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். “சத்தம் எப்படி வருதுன்னு ஒரு தடவை கேட்போம்” என்று வருகிறவர்கள் எல்லாம் முறுக்கிப் பார்ப்பதில்தான் பிழைத்திருக்க வேண்டிய கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போய்விடுகிறது. பட்டறைக்கு டோ செய்தே கொண்டுபோங்கள்.

என்னிடம் இருப்பதும் அதே 106 குதிரைத்திறன் 1.5 விடெக்தான். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும்போது, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஆயில் லைட் எரிந்து அணைந்தது. நேர்ச்சாலையில் எரியவில்லை என்பதால் சென்சார் கோளாறு என்று நினைத்து ஓட்டிவிட்டேன். பொள்ளாச்சி தாண்டியதும் தட்டத் தொடங்கியது. பிறகு வடித்துப் பார்த்தால் சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஒன்றரை லிட்டர்கூட இல்லை. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது.

எல்லாத் தட்டலும் ஒன்றல்ல. வால்வு டேப்பெட் என்றால் மேலே, தையல் மெஷின் மாதிரி மெல்லிய சத்தம். பிஸ்டன் ஆட்டம் என்றால் குளிரில் அதிகமாகவும் சூடேறியதும் குறைவாகவும் கேட்கும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் இதற்கு நேர்மாறு: சூடேறி ஆயில் இளகினால் கனமாகும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு விடும்போது கீழிருந்து சுத்தியால் அடிப்பது போல வரும்.

என் மெக்கானிக் அண்ணன் முதலில் ஆயிலை அளவுக்கு நிரப்பினார். ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டினார். சூடான இன்ஜினில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) குறைந்தது 10 பிஎஸ்ஐ, 3,000 ஆர்பிஎம்மில் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். எனக்கு ஐடிலில் முள் 4-ஐத் தாண்டவில்லை. அப்புறம் சிலிண்டர் சிலிண்டராக ஸ்பார்க்கை நிறுத்தினார். மூன்றாவதை நிறுத்தியதும் தட்டல் பாதியாகக் குறைந்தது. இதெல்லாம் ஒரு நிமிட வேலை, உடனே அணைத்துவிட்டார். விடெக்கில், அதாவது ஆர்பிஎம்முக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் இந்த இன்ஜினில், இன்னொரு அறிகுறியும் உண்டு. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் உள்ளே இருக்கும் பின்னைத் தள்ளுவதே ஆயில் பிரஷர்தான். அதனால் மேல் ஆர்பிஎம்மில் வழக்கமாக வரும் அந்த இழுவை காணாமல் போயிருந்தால், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தோம். வெயிலில் பிடித்தபோது ஜிகினாத் தூள் தூவியது போல மின்னியது. சம்ப்பை இறக்கினால் மூன்றாவது ராடின் பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தது. மேல் பூச்சு முழுக்கத் தேய்ந்திருந்தது.

கிராங்க்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் மைக்ரோமீட்டரை எடுக்கும் முன்பே, தேய்ந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். “தம்பி, நகத்துல மாட்டுதில்லீங்க? கிரைண்டிங்தானுங்க” என்றார். பிறகு குறுக்கும் நெடுக்கும் அளந்தார், வட்டம் போயிருந்தது. 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, மெலிந்த கிராங்க்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். இதில் ஒன்றை மறக்காதீர்கள்: பேரிங் கைக்கு வந்த பிறகே கிரைண்டிங் கொடுங்கள். பழைய வண்டிக்கு எல்லா சைஸும் எப்போதும் கிடைக்காது. ராடும் அதன் அடியில் போல்ட்டால் மூடும் கேப்பும் ஜோடி மாறக்கூடாது, திசையும் மாறக்கூடாது.

பலரும் பேரிங்கை மாற்றி மூடிவிடுகிறார்கள், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி தட்டுகிறது. உள்ளே சுற்றிய உலோகத் தூள் ஆயில் வழிகளில் அப்படியே இருக்கும். பிளாக், கிராங்க் துளைகள் எல்லாவற்றையும் பிரஷ் விட்டுக் கழுவி ஏர் அடிக்க வேண்டும். விடெக் சாலினாய்டுக்கு (அந்தப் பின்னுக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு) அடியில் சின்ன வலை ஒன்று இருக்கிறது, என் வண்டியில் அதிலும் தூள் ஒட்டியிருந்தது. ஆயில் பம்ப் புதிது போட்டேன். ஆயில் குறைந்ததற்குக் காரணம் இறுகிப்போன பிஸ்டன் ரிங்கும் காய்ந்த வால்வு சீலும், அவற்றையும் அப்போதே மாற்றினேன். அதை விட்டிருந்தால் அடுத்த மலைப் பயணத்தில் இதே கதைதான்.

செலவு பழைய இன்ஜின் ஒன்றை வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. ஆனாலும் நான் இதையே சொல்வேன். வாங்கும் இன்ஜினின் பேரிங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டும். பிளாக்கில் ஓட்டையோ விரிசலோ விழுந்திருந்தால் மட்டும் வேறு வழியில்லை.

மூடிய பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம், அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தோம். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. டோ வண்டி வருவதற்குள் அதைப் பார்த்து இங்கே சொல்லுங்கள்.