“வெளிய சொன்னா அவ்வளவுதான்”னு மிரட்டுறாங்களா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். போன் வழியா வர்ற மிரட்டல். எல்லாருமே கடைசி வரில “பேர் போடாதீங்க அக்கா”னு எழுதியிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல, அடையாளம் தெரியுற விவரத்தையும் மாத்திட்டேன். நாலு கடிதத்த மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, நான் காலேஜ் மூணாவது வருஷம், கோயம்புத்தூர் பக்கம். ஒருத்தர ரெண்டு வருஷம் லவ் பண்ணேன், பிரிஞ்சு நாலு மாசம் ஆச்சு. அப்ப நம்பி நானே அனுப்புன போட்டோ ரெண்டு மூணு அவன்கிட்ட இருக்கு. இப்ப வேற வேற ஐடில இருந்து “பேசலன்னா உங்கப்பா வாட்ஸ்அப்புக்கு போகும், காலேஜ் குரூப்புக்கு போகும்”னு மெசேஜ் போடுறான். போன வாரம் இருபதாயிரம் கேட்டான், ஏழாயிரம் குடுத்துட்டேன். வீட்ல தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க. நானே அனுப்புனதுனால போலீஸ்ல என்னைத்தான் திட்டுவாங்கன்னு பயமா இருக்கு. தூக்கமே வரல.

கண்ணு, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீ தப்பு எதுவும் பண்ணல. நம்புன ஒருத்தனுக்கு போட்டோ அனுப்புனது குத்தம் இல்ல, அத வெச்சு காசு கேக்குறதுதான் குத்தம். நானே அனுப்புனேனேன்னு நீ பயப்படுற பாரு, அதுக்கு சட்டத்துலயே பதில் இருக்கு. பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவுல ஒரு விளக்கம் போட்டிருக்காங்க, போட்டோ எடுக்க சம்மதிச்சிருந்தாலும் அடுத்தவங்களுக்கு பரப்ப சம்மதிக்கலன்னா பரப்புறவன் குற்றவாளிதான்னு. அந்த மாதிரி படத்த நெட்டுல போட்டா தகவல் தொழில்நுட்பச் சட்டம், அதாவது ஐடி சட்டம், 67ஏ வேற இருக்கு, முதல் தடவையே அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்து லட்சம் வரைக்கும் அபராதம். காசு கேட்டு மிரட்டுனது தனிக் குத்தம், நியாய சன்ஹிதா 308வது பிரிவு. அவன் இன்னும் ஒரு படம் கூட வெளிய விடலன்னாலும் நீ இன்னைக்கே புகார் குடுக்கலாம்.

இனிமே ஒரு ரூபா குடுக்காத. ஏழாயிரம் வாங்குனவன் நிறுத்தலேல்ல? நிறுத்த மாட்டான், குடுக்கக் குடுக்க இவ குடுப்பான்னு அவனுக்கு தைரியம்தான் வரும். ஆத்திரத்துல எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு பிளாக் பண்ணிடாத, அதுலதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடு, தேதியும் நேரமும் தெரியுற மாதிரி. ஐடி பேர மட்டும் எடுத்தா பத்தாது, பேர அவன் நிமிஷத்துல மாத்திடுவான், அந்த புரொஃபைலோட லிங்க்கையும் காப்பி பண்ணி வெச்சுக்கோ. தானா அழியுற மெசேஜா இருந்தா ஃபிரெண்டு போன்ல அத போட்டோ புடி. ஏழாயிரம் அனுப்புன யுபிஐ ரசீது முக்கியமான சாட்சி, அது எந்த அக்கவுண்டுக்கு போச்சோ அங்க ஒரு ஆளு இருக்கான். போன மாத்தாத, ரீசெட் பண்ணாத, பின்னாடி கோர்ட்ல அசல் போன் தேவைப்படும்.

அப்புறம் ‘ஸ்டாப் என்சிஐஐ’னு ஒரு சைட் இருக்கு, 2021 கடைசில ஆரம்பிச்சது, பதினெட்டு வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு. போட்டோவ அங்க அப்லோட் பண்ணத் தேவையில்ல, உன் போன்லயே அந்தப் படத்துக்கு கைரேகை மாதிரி ஒரு நம்பர உருவாக்கி அந்த நம்பர மட்டும் எடுத்துக்கும், ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராம் மாதிரி அதுல சேந்திருக்குற கம்பெனிங்க அந்தப் படத்த யாராவது ஏத்துனா கண்டுபுடிச்சு தடுக்கலாம். வாட்ஸ்அப்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்புறத இது தடுக்காது, அதையும் தெரிஞ்சுக்கோ. பதினெட்டுக்கு கீழ உள்ள புள்ளைங்களுக்கு ‘டேக் இட் டவுன்’னு வேற ஒரு சைட் இருக்கு, இத படிக்கிற அம்மா அப்பா குறிச்சு வெச்சுக்கங்க.

புகார ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ல பதியலாம், இல்லன்னா எந்த ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் போகலாம். “இது எங்க லிமிட் இல்ல”னு இப்ப சொல்ல முடியாது, 2024 ஜூலைல இருந்து அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 173வது பிரிவுல எங்க நடந்திருந்தாலும் புகார் வாங்கணும்னு இருக்கு. மெயில்லயும் அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்து போட்டுடணும்.

உன் பேரு வெளிய வந்துடுமோன்னு பயம் இருக்கும். நீ கோயம்புத்தூர் பக்கம்ங்கறதால பொள்ளாச்சி பாலியல் வழக்கு உனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். 2019ல ஒரு காலேஜ் பொண்ணு புகார் குடுத்ததுல இருந்துதான் அத்தன கொடுமையும் வெளிய வந்துச்சு. அந்த பொண்ணு அடையாளத்த போலீஸும் அரசாணையும் வெளிய விட்டதுக்கு ஹைகோர்ட் மதுரை கிளை அந்த பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. வழக்கு மூடுன அறைக்குள்ள நடந்துச்சு, எட்டு பொண்ணுங்க உறுதியா நின்னாங்க, சாட்சி சொன்ன ஒருத்தர் கூட பல்டி அடிக்கல. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் கோர்ட் குற்றவாளிங்க ஒம்போது பேருக்கும் சாகுற வரைக்கும் ஆயுள் தண்டனைனு தீர்ப்பு சொல்லுச்சு. அங்கயும் வீடியோவ காட்டி “வெளிய சொன்னா பரப்பிடுவோம்”னுதான் மிரட்டி வெச்சிருந்தாங்க கண்ணு. அந்த பொண்ணுங்க பயப்படாதவங்க இல்ல, பயத்தோடயே போய் சொன்னவங்க.

அவனுக்கு இருக்குற ஒரே பிடி வீட்டுக்கு தெரியக்கூடாதுங்குற உன் பயம்தான். அதனால வீட்ல ஒருத்தர்கிட்ட நீயே முதல்ல சொல்லிடு. அப்பாகிட்ட முடியலன்னா அம்மா, இல்ல சித்தி, இல்ல உனக்குப் புடிச்ச ஒரு மேடம். அவன் அனுப்பித் தெரியுறதுக்கும் நீ உக்காந்து சொல்லித் தெரியுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ராத்திரி தாங்க முடியாத மாதிரி இருந்தா 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. இந்த நம்பர எல்லாத்துக்கும் முதல்ல சேவ் பண்ணிடு கண்ணு.

மேடம், திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல இருக்கேன். அவசரத்துக்கு ஒரு லோன் ஆப்ல அஞ்சாயிரம் போட்டேன், கைக்கு வந்தது மூவாயிரம், ஏழே நாள்ல அஞ்சாயிரம் கட்டச் சொன்னாங்க. கட்டியும் விடல. இப்ப என் சம்சாரம் போட்டோவ அசிங்கமா மாத்தி மச்சான், ஓனர், பக்கத்து வீடுன்னு எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க. கோர்ட் நோட்டீஸ்னு ஒரு பிடிஎஃப் வேற வந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள அரெஸ்ட்டாம்.

தம்பி, அந்த பிடிஎஃப் போலிங்க. கடன் கட்டலன்னு எவனும் சாயங்காலத்துக்குள்ள வந்து அரெஸ்ட் பண்ண முடியாது. அப்படியே நெஜ பாக்கியா இருந்தாலும் அது சிவில் விவகாரம்.

அவங்க வேலை செய்யுற விதம் இதுதான், ஆப் போடும்போது காண்டாக்ட், கேலரி எல்லாத்துக்கும் ‘அலோ’ கேக்கும், நாம அவசரத்துல அமுக்கிடுவோம், அந்த நிமிஷமே மொத்த நம்பரும் அவங்க கைக்கு போயிடும், குடுத்த மூவாயிரம் வட்டிக்கு இல்ல, அந்த நம்பருக்குக் குடுத்த விலைன்னுதான் நான் சொல்லுவேன். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு, கடன் குடுக்குற ஆப் காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், கேலரி எதையும் தொடக் கூடாது, பணம் பேங்க்ல இருந்தோ பதிவு பண்ண ஃபைனான்ஸ் கம்பெனில இருந்தோ நேரா உங்க கணக்குக்கு வரணும்னு. கூகுளும் 2023ல ப்ளே ஸ்டோர் லோன் ஆப்புக்கு இதே கட்டுப்பாட்ட கொண்டு வந்துச்சு. உங்க கடன் மேலயே வழக்கு போட வக்கில்லாதவங்கதான் இப்படி படத்த மாத்தி அனுப்புறாங்க. 2025 ஜூலைல இருந்து ஒழுங்கான லோன் ஆப்புங்களோட பட்டியல ரிசர்வ் வங்கி தன்னோட சைட்லயே வெச்சிருக்கு, இனிமே கடன் வாங்குறவங்க அதுல பேர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

நீங்க பண்ண வேண்டியது, ஆப்போட பேர், லோன் வந்த ரசீது, அவங்க அனுப்புன நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு, பர்மிஷன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஆப்ப தூக்கிடுங்க. கடைசியா பணம் போனது சமீபமா இருந்தா உடனே சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு போன் அடிங்க, பணம் கணக்கு விட்டு கணக்கு ஓடிடும், அதனால ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். படம் போன நம்பருக்கெல்லாம் நீங்களே ஒரு மெசேஜ் போட்டுடுங்க, ஸ்டேட்டஸ்லயும் வைங்க: “என் போன்ல இருந்த நம்பர திருடி ஒரு கும்பல் போலி படம் அனுப்புது, போலீஸ்ல புகார் குடுத்திருக்கேன், வந்தா எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு அழிச்சிடுங்க.” இத போட்டதும் பல பேர் “எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு”ன்னு சொல்லுவாங்க பாருங்க.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க தம்பி. கடன் வாங்குனது நீங்க, அடி விழுந்தது உங்க வீட்டம்மாவுக்கு. கடிதம் முழுக்க ஓனர் என்ன நெனைப்பாரு, மச்சான் என்ன நெனைப்பாருன்னு எழுதியிருக்கீங்க, அவங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி இல்ல. அவங்க பக்கத்துல உக்காந்து பேசுங்க. புகார்ல அவங்களும் கையெழுத்து போடட்டும், ஒரு பொண்ணோட ஒழுக்கத்துக்கு களங்கம் வர்ற மாதிரி பண்ணிடுவேன்னு மிரட்டுனா பாரதிய நியாய சன்ஹிதா 351வது பிரிவு மூணாவது உட்பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு.

அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம். சிபிஐ என்று ஒருவர் வீடியோ காலில் வந்து என் ஆதார் பெயரில் பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்கிறார். நான் கட் செய்துவிட்டேன். மறுபடி வந்தால்?

ஐயா, நீங்க கட் பண்ணதே சரி. டிஜிட்டல் அரெஸ்ட்னு எந்த சட்டத்துலயும் ஒண்ணு கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல இத எடுத்துச் சொன்னாரு, 2025ல சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கா எடுத்துக்கிட்டு சிபிஐயவே விசாரிக்கச் சொல்லியிருக்கு. மறுபடி வந்தா எடுக்காதீங்க, நம்பர மட்டும் குறிச்சு 1930க்கு சொல்லுங்க. உங்க தெருவுல தனியா இருக்குற பெரியவங்க இருப்பாங்க இல்லீங்களா, அவங்க வீட்டுக்குப் போய் நீங்களே ஒரு தடவ சொல்லிட்டு வாங்க. வாத்தியார் சொன்னா கேப்பாங்க.

அக்கா, எங்க ஊரு டீக்கடைல இன்னும் தனி டம்ளர் வெச்சிருக்காங்கன்னு ஃபேஸ்புக்ல எழுதுனேன். நாலு நாளா ஜாதி பேர சொல்லி திட்டுறாங்க, பலாத்காரம் பண்ணிடுவோம்னு எழுதுறாங்க. ஒருத்தன் எங்க வீட்டு தெரு, பாப்பா படிக்கிற ஸ்கூல் பேர் எல்லாத்தையும் போட்டுட்டான். ஊர்ப் பெரியவங்க வந்து “சமாதானமா போயிடலாம், மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுத்துடும்மா”ங்குறாங்க. எழுதுறதயே விட்டுடலாமான்னு இருக்கு. (விருதுநகர் மாவட்டம்)

தங்கச்சி, எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2015 ஜனவரில நாமக்கல்ல எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு இதுதான் நடந்துச்சு. அவரோட ‘மாதொருபாகன்’ நாவல எதுத்து போராட்டம், கடையடைப்பு, மிரட்டல்னு போய், கடைசில அதிகாரிங்க முன்னாடி ஒரு சமாதானக் கூட்டம் போட்டு நிபந்தனை இல்லாத மன்னிப்பு எழுதி வாங்குனாங்க, அதுக்கப்புறம் அந்த மனுஷன் எழுத்தாளன் செத்துட்டான்னு அறிவிச்சுட்டு எழுதுறதயே விட்டாரு. 2016 ஜூலை 5 சென்னை ஹைகோர்ட், அந்தக் கூட்டத்துல போட்ட ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டு, அவர் திரும்ப எழுதணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. திரும்ப எழுதவும் செஞ்சாரு. ஆனா நடுவுல போன ஒன்றரை வருஷத்த யார் குடுப்பா? ஊர் சமாதானம்னு வர்றப்ப மிரட்டுனவன் எதையும் எழுதிக் குடுக்குறது இல்ல, மிரட்டல் வாங்குனவங்கதான் எழுதிக் குடுக்கணும்ங்குறாங்க. எனக்கு இத நெனைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

நெட்டுல திட்டுனா கேஸ் போட முடியாது, அந்த சட்டத்ததான் கோர்ட் தூக்கிடுச்சேன்னு யாராவது சொல்லுவாங்க. 2015ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணது ஐடி சட்டத்தோட 66ஏ, அது கருத்து சொல்றவங்கள புடிச்சு உள்ள போட்டுட்டு இருந்த பிரிவு, உங்கள மாதிரி எழுதுறவங்களுக்கு நல்லதுதான் அது. கொலை மிரட்டல், பலாத்கார மிரட்டல் எல்லாம் அப்பவும் குத்தம்தான் இப்பவும் குத்தம்தான். பேர மறைச்சு மிரட்டுனா நியாய சன்ஹிதா 351 நாலாவது உட்பிரிவுல கூடுதலா ரெண்டு வருஷம் வரைக்கும் இருக்கு. தொடர்ந்து விரட்டி விரட்டி மெசேஜ் போட்டா அதே சட்டத்துல 78வது பிரிவு. நீங்க பட்டியல் சாதியா இருந்தா வன்கொடுமை தடுப்புச் சட்டத்துலயும் புகார் குடுங்க, அத டிஎஸ்பி ரேங்க்குக்கு கீழ இருக்குறவங்க விசாரிக்கக் கூடாது, இத எழுத்துலயே கேளுங்க. தனி டம்ளரே அந்த சட்டத்துல குத்தம்தான், அதனால ரெண்டையும் ஒரே புகார்ல வைங்க, இல்லன்னா உங்க மிரட்டல விசாரிப்பாங்க, டம்ளர மறந்துடுவாங்க.

எழுதுறத விடணுமான்னா, அத நான் சொல்ல முடியாது, உங்க வீட்டு வாசல்ல நிக்கிறது நான் இல்ல. கொஞ்ச நாள் நிறுத்தி மூச்சு வாங்குனா அது தோல்வியும் இல்ல. கமெண்ட்டெல்லாம் நீங்க ஒக்காந்து படிக்காதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட போன குடுத்து அவங்கள லிங்க்கோட சேமிக்கச் சொல்லுங்க.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி, இந்த இதழ் கைக்கு வந்த அன்னைக்கே ஸ்கூலுக்கு போங்க. ஹெட்மிஸ்ட்ரஸ பாத்து நடந்தத சொல்லி, பாப்பாவ கூட்டிட்டுப் போக யார் யார் வருவாங்கன்னு பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்து, வேற யார் வந்தாலும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லி அந்த லெட்டர் நகல்ல சீல் வாங்கிக்கங்க. அந்த நகல போலீஸ் புகாரோட சேத்து வைங்க. ஆட்டோக்கார அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க.