குழந்தைகள் பேஸ்ட்டா, பல்பொடியா?

கேள்வி: நாங்கள் இருப்பது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். மகன் இரண்டாம் வகுப்பு. தாத்தாவைப் பார்த்து அவனும் பல்பொடிதான். சென்னையில் இருக்கும் அண்ணன் மகளுக்கோ கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட். நாங்கள் வாங்குவதைப்போல இரண்டு மடங்கு விலை. ஆனால் இருவருக்குமே கடைவாய்ப் பல்லில் சொத்தை. இனி எதை வாங்குவது? இன்னொன்று, மகனின் முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. வெண்மையாக்கும் பேஸ்ட் வாங்கலாமா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: டியூபைத் திருப்பிப் பாருங்கள். சொத்தையைத் தடுக்கும் பொருளான ஃபுளோரைடு இத்தனை பிபிஎம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஃபுளோரைடு சேர்த்தால் அதைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் உச்சவரம்பு 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம். சொத்தையைத் தடுக்க அந்த 1000-ஐ ஒட்டி இருப்பது நல்லது. குழந்தைகள் பேஸ்ட் பலவற்றில் பாதிதான் இருக்கும். சிலவற்றில் சுத்தமாக இல்லை. உங்கள் அண்ணன் கூடுதல் காசு கொடுப்பது ஸ்ட்ராபெர்ரி வாசனைக்கும் படத்துக்கும்தான்.

ஆறு வயது தாண்டி, ஒழுங்காகத் துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பெரியவர்களின் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டே போதும். ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளி நெளியாகப் பிதுக்குகிறார்களே, அப்படிச் செய்தால் டியூப்தான் சீக்கிரம் தீரும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவுக்கு மேல் வேண்டாம்.

பல்பொடியைப் பற்றி: நானும் உமிக்கரியில் வளர்ந்தவன்தான், ஆனாலும் சிபாரிசு செய்ய மாட்டேன். உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து எடுக்கும். விரலும் கடைவாயின் இடுக்குவரை போகாது. சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் பொடியைத் தொடவே வேண்டாம். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்க 1992-லேயே தடை வந்துவிட்டது. லேபிளே இல்லாத பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று தாத்தா சொல்வார். சரி, குச்சி ஒடித்துத் தேய்ப்பது அவருக்குப் பழக்கம். பையன் கையில் பிரஷ்ஷைக் கொடுங்கள். சின்னத் தலை, மென்மையான நார் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பேஸ்ட் வேறு, ஊர் வேறு. சொத்தை மட்டும் எப்படி ஒன்றாக வந்தது? ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட் இன்று பென்னாகரத்துப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஊறும். அப்புறம் இரவு. பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கும் பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட்டும் காலையில் போய் உதவாது. இரவில் தேய்த்தபின் தண்ணீர் மட்டும்.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். சொத்தையான பல், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் இருக்கிறதா? ஆறு வயது வாக்கில் அங்கே எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போவது இன்னும் நல்லது.

பழுப்புக் கறைக்கு வெண்மையாக்கும் பேஸ்ட் தண்டச் செலவு. தேய்த்துத் துப்பும் பேஸ்ட்டில் நல்லது செய்யும் அதே ஃபுளோரைடு, குடிநீரில் அதிகமானால் கறையாகும். உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் அது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்தால், முளைக்கும் பல்லே கறையோடுதான் முளைக்கும். தேய்த்தால் போகாது. கொதிக்க வைத்தாலும் தண்ணீரில் ஃபுளோரைடு குறையாது. குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு ஒகேனக்கல் நீரைப் பிடியுங்கள். வீட்டில் துப்பத் தெரியாத சின்னப் பிள்ளை இருந்தால், ஃபுளோரைடு பேஸ்ட் கொடுக்குமுன் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூபில் பிபிஎம், காலாவதித் தேதி இரண்டும் இல்லாமல் விற்றால் பில்லோடு 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.