காவல் முறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் முதல் நாவல் முடியும் தறுவாயில் இருக்கிறது. மூன்று சகோதரிகள். அப்பா குடிகாரர், அம்மா வாய் திறக்காதவர். ஒருத்திக்கொருத்தி உயிராக வளர்ந்த மூவருக்கும் கடைசியில் நல்ல துணை அமைகிறது. படித்த நண்பர்கள், மூன்று பெண்களும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள், காதல்களும் ஒட்டவில்லை என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

எம்.

அன்புள்ள எம்.,

அப்பாவைத் தடையாகவும் சகோதரிகளின் பாசத்தை அதைத் தாண்டவைக்கும் பலமாகவும் எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இப்படிப்பட்ட வீடுகளில் பல நேரம் காதலுக்குக் குறுக்கே நிற்பதே அந்தப் பாசம்தான். அதற்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. இரவில் கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா என்ன நிலையில் வருகிறார் என்று கணிப்பவள் ஒருத்தி. எதிரே நின்று கத்தி, வசவையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்பவள் ஒருத்தி. கோமாளித்தனம் செய்து அம்மாவைச் சிரிக்கவைப்பவள் இன்னொருத்தி. குடிநோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்த அமெரிக்க ஆலோசகர் ஷாரன் வெக்ஷைடர்-க்ரூஸ் இந்த வேடங்களை வகைப்படுத்தியிருக்கிறார்: பொறுப்பைச் சுமக்கும் பிள்ளை, பலியாடு, கோமாளி, கண்ணில் படாத பிள்ளை. திட்டம் போட உதவும். பிரதிக்குள் இந்தப் பெயர்கள் தலைகாட்டினால் நாவல் கையேடாகிவிடும்.

ஒரு பயிற்சி செய்யுங்கள். அப்பா வீட்டில் இருக்கும் ஒரு மாலை, 6 மணியிலிருந்து 10 மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை மூவரும் எங்கே இருந்தார்கள், கை என்ன செய்தது என்று எழுதுங்கள். பிறகு அக்காவின் பெயரை அடித்துவிடுங்கள். அவள் வேலைகள் யார் தலையில் விழுகின்றன? உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது. அக்கா காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் அடிபடுவது அப்பா அல்ல, நடுத் தங்கை. அவள் அதை நேராகச் சொல்லமாட்டாள். "நீ போயிட்டா அம்மாவோட மாத்திரைய யாரு எண்ணி வைக்கிறது?" என்பாள். அதற்கு அக்காவிடம் பதில் இருக்கக் கூடாது. மூவரும் ஒரே ஆள் போலத் தெரிவதும் இதனால்தான்: அவர்களுக்கு வேறு வேறு வேலை கொடுக்காமல் ஒரே பாசத்தைப் பங்கு போட்டிருக்கிறீர்கள்.

காதலனை மீட்பனாக்காதீர்கள். இந்தப் பெண்களுக்கு வேண்டியது பெரிய தியாகமல்ல, ஒரு சாதாரணச் சத்தம் சாதாரணச் சத்தமாகவே முடிந்துபோவது. அவன் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுகிறது. அக்கா சட்டென்று எழுந்து, "சாரி" என்கிறாள், தன் மேல் தவறே இல்லாமல். அவன், "கை வழுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறான். இதுபோன்ற தருணம் நாவலில் 3 முறையாவது வரவேண்டும், நல்ல இடைவெளி விட்டு. முதல்முறை மன்னிப்பு, அடுத்தமுறை விறைத்துப்போதல், மூன்றாம்முறை துணி எடுத்துத் துடைத்தல். அந்த மூன்றாவதை நடுத் தங்கை பார்க்கும்படி வையுங்கள். அவள் அவனை ஏற்றுக்கொள்வதற்குத் தனியாக ஒரு வசனம் தேவைப்படாது.

நடுத் தங்கைக்கே அமைதி பிடிபடாமல் போகலாம். சண்டை இல்லாத இடத்தில் அன்பும் இல்லை என்று நினைத்து, சத்தம் போடுகிறவனைத் தேடிப் போவாள். அல்லது வீட்டைவிட்டு வெளியேறினால் போதுமென்று, முதலில் கேட்டவனுக்குத் தலையாட்டுவாள். மூவரில் ஒருத்தியாவது தவறாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வீடு அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடும்.

வாய் திறக்காத அம்மா எழுத்தாளருக்குச் சௌகரியம், அவ்வளவுதான். கணவனிடம் சொல்லவேண்டியதை ஒரு மகள் வழியாகச் சொல்லவிடுங்கள். மனநல மருத்துவர் மரே போவன் இதை முக்கோணம் என்பார்: இருவருக்கிடையிலான அழுத்தம் தாங்காமல் மூன்றாமவரை உள்ளே இழுப்பது. ஒரே சண்டையைப் பற்றி அம்மா மூன்று மகள்களிடமும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கட்டும். பல வருஷம் கழித்துச் சமையலறையில் அவர்கள் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் காட்சி ஒன்றே ஓர் அத்தியாயத்தைத் தாங்கும்.

அப்பா கடைசியில் திருந்துகிறாரா? திருந்தினால் 200ஆம் பக்கத்தில் திருந்தட்டும், முடிவில் வேண்டாம். குடி நின்ற வீடு உடனே நிம்மதி அடைவதில்லை. சத்தத்துக்குக் காதைத் தீட்டிவைத்தே பழகியவளுக்குத் திடீரென்று வேலை போய்விடும். அக்கா எரிந்துவிழுவாள், காரணமில்லாமல் அவரைச் சந்தேகப்படுவாள். அவள் காதலுக்கு உண்மையான சோதனை அந்த மாதங்களில்தான்.

இன்னொன்று, பக்கங்களை மூவருக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். பாதி நாவல் ஒருத்திக்குப் போகட்டும். அது நடுத் தங்கையாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். சின்னவளுக்குத் துணை தேடும் வேலையையே விட்டுவிடுங்கள். அக்காக்கள் இருவரும் போனபிறகு அந்த வீட்டில் மிச்சமிருப்பவள் அவள்தான், அவளுக்கு அங்கே எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.