பரணில் கிடந்த 303 துவக்கு

தம்பி, முல்லியவளையில் அப்பப்பாவின் வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றிய பழைய துவக்கு கிடைத்தது, மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உள்ளே ரவை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, போல்ட்டை இழுத்துப் பார்க்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம சேவகருக்குச் சொல்லி அவரோடேயே பொலிஸுக்குப் போங்கள். துவக்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், வன்னியில் அது எப்படிப் பார்க்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பப்பாவிடம் அனுமதிப்பத்திரம் இருந்திருந்தாலும் அது வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது, தானாக உங்களுக்கு வராது. ஆனாலும் அவருடைய டிரங்குப்பெட்டியில் அந்தக் கடதாசியைத் தேடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

சரி, இனி துவக்கு. நீங்கள் போட்ட படத்தில் போல்ட் பிடிக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கிரீடம், ஜி.ஆர்., இஷாப்பூர், 1918, கடைசியில் மூன்று கோடும் ஒரு நட்சத்திரமும். 303 ரவை போடும் லீ என்ஃபீல்ட், பத்து ரவை மகசின்; ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், அவர் காலத்தில் வங்காளத்து இஷாப்பூரில் செய்தது. மூன்று கோடு என்றால் 1907இல் வந்த மூன்றாம் மாதிரி, அதில் இடப்பக்கம் வெகுதூரத்துக்குக் குறிபார்க்கவென்று ஒரு வட்டத்தகடு இருக்கும், முதலாம் உலகப் போர் அவசரத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டுச் செய்ததற்குத்தான் அந்த நட்சத்திரம். மரத்திலும் பரிசோதகர் குத்திய சின்ன முத்திரைகள் இருக்கும், தேய்த்தால் முதலில் போவது அவைதான், என்னைப் போன்றவர்கள் தேடித் திரிவதும் அவற்றைத்தான். படத்தில் மரப்பிடியின் வலப்பக்கம் தெளிவாக இருந்தால் அதையும் போடுங்கள், ஆனால் இன்னொரு படம் எடுக்கவென்று பரணில் ஏறாதீர்கள்.