வீட்டிலிருந்தே வேலை செய்யும் 16 பேர்: ஏற்காட்டில் இரண்டு இரவு போதும், ஆனால் நாற்காலியை யோசித்துப் போடுங்கள்

கேள்வி: எங்கள் மென்பொருள் குழுவில் சென்னையில் 5 பேர், பெங்களூரில் 4, கோவையில் 4, மதுரையில் 2, திருச்சியில் 1. எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. போன வருடம் ரிசார்ட்டில் விளையாட்டு, கேம்ப்ஃபயர் எல்லாம் வைத்தும் அவரவர் ஊர்க்காரர்களோடுதான் ஒட்டிக்கொண்டார்கள். இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் ஐந்து ஊர்களுக்கும் நடுவில் இருப்பது சேலம். அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வாகன இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. மே மாதம் கோடை விழாக் கூட்டம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பிப்ரவரி நல்லது. புதன் வந்து வெள்ளி மதியம் இறங்குங்கள். வாடகை குறையும், யாருடைய சனி ஞாயிறும் பறிபோகாது.

சென்னைக்காரர்களுக்குக் கோவை எக்ஸ்பிரஸ், பெங்களூர்க்காரர்களுக்கு எர்ணாகுளம் இன்டர்சிட்டி. இரண்டும் விடிகாலையில் கிளம்பி முற்பகலில் சேலம் வந்துவிடும். மதுரை–பெங்களூரு வந்தே பாரத்தில் மதுரை, திருச்சி ஆட்கள் ஒன்றாக வரலாம் (செவ்வாய்க்கிழமை அது ஓடாது). முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். மலையேற 12 சீட் வேன் இரண்டு எடுத்து, ஊர் கலந்து ஏற்றுங்கள். பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றுபவர்களுக்கு முன் சீட்.

இனி முக்கியமான விஷயம். பேச்சு நாலு பேர் வரைதான் ஒன்றாக நிற்கும். ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டாகப் பிரியும், இல்லாவிட்டால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீள மேசையும் டிஜேவும் கெடுப்பது இதைத்தான். எனவே நால்வர் மேசைகள் நான்கு கேளுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு ஒரு வசதி உண்டு: 16 பேரை நால்வராகப் பிரித்தால், ஐந்தே சுற்றில் ஒவ்வொருவரும் மற்ற 15 பேரோடும் சரியாக ஒரு முறை உட்காரலாம்.

சென்னையின் நால்வருக்கு 1–4, பெங்களூருக்கு 5–8, கோவைக்கு 9–12, மிச்சமிருக்கும் சென்னை ஆளுக்கும் மதுரை, திருச்சிக்கும் 13–16 என எண் கொடுங்கள். முதல் சுற்று இந்த வரிசையேதான். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பழகியவர்கள் என்பதால் அதை விட்டுவிடலாம்; 13–16 மட்டும் வேறு வேறு ஊர்க்காரர்கள், அவர்கள் வெள்ளி காலை உணவுக்கு ஒன்றாக உட்காரட்டும். மற்ற நான்கும் இப்படி:

புதன் இரவு உணவு: 1-5-9-13, 2-6-10-14, 3-7-11-15, 4-8-12-16
வியாழன் காலை உணவு: 1-6-11-16, 2-5-12-15, 3-8-9-14, 4-7-10-13
வியாழன் மாலை காப்பித் தோட்ட நடை: 1-7-12-14, 2-8-11-13, 3-5-10-16, 4-6-9-15
வியாழன் இரவு உணவு: 1-8-10-15, 2-7-9-16, 3-6-12-13, 4-5-11-14

யாராவது கடைசி நேரத்தில் வராவிட்டால் அந்த எண்ணைக் காலியாக விடுங்கள், மூவராகப் பேசட்டும். மறுபடி கலைத்து அடுக்கப் போனால் எல்லாம் குழம்பும். மேலாளருக்கும் ஓர் எண்தான், தனி மேசை கிடையாது. பெங்களூர்க்காரர்களில் தமிழ் தெரியாதவர் இருந்தால் அந்த மேசையில் ஆங்கிலம். அந்தாக்ஷரி வேண்டாம், பாட்டுத் தெரியாதவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே போனை எடுத்துவிடுவார்.

நடை 45 நிமிடம் போதும். பேசுவதற்கு ஒரு கேள்வி மட்டும் கொடுங்கள்: "உங்கள் வேலையில் வெளியே தெரியாத சிரமம் எது?" "உங்களுக்குப் பிடித்த நிறம்" வகைக் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் வந்து அதோடு முடியும்.

வேலை பற்றி ஒரே ஓர் அமர்வு, வியாழன் 10 முதல் 12.30 வரை. காலாண்டு பிபிடி வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும்போது எங்கே சிக்குகிறது என்பதை வெள்ளைப் பலகையில் வரைந்து, இரண்டு சிக்கலையாவது அங்கேயே தீருங்கள். பிற்பகல் 2 முதல் 5 வரை ஒன்றுமே வைக்காதீர்கள். தூங்குகிறவர் தூங்கட்டும். கூச்ச சுபாவக்காரர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் இரவு மேசையில் வாயே திறக்காது.

அறை பதிவு செய்யும்போது எட்டு அறையிலும் தனித்தனியாக இரண்டு கட்டில் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 'டபுள் ரூம்' என்று மட்டும் சொன்னால் ஒரே பெரிய கட்டில் கிடைக்கும்; அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஜெனரேட்டர் அறைகளுக்கும் உண்டா என்பதையும் கேளுங்கள். குறட்டை, சாப்பாட்டு விலக்கு, மருந்து, தனி அறை தேவையா என்பதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் தனியாக விசாரியுங்கள், குழு சாட்டில் வேண்டாம். தனி அறை கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அதற்காக இரண்டு அறை கூடுதலாகப் பிடித்து வையுங்கள்.

செலவில் ஒன்று: நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு கர்நாடகத்தில் மட்டும் இருந்தால், தமிழ்நாட்டு ஹோட்டல் அறைக்குப் போடும் வரிக்கு உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியை நிறுவனம் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. பட்ஜெட்டில் வரியையும் செலவாகவே எழுதிவிடுங்கள்.