நீட் மதிப்பெண் குறைந்தால் அடுத்து என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீட் தேர்வில் 720-க்கு 312 எடுத்திருக்கிறேன். மறுபடியும் எழுதலாமா, வேண்டாமா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். எதை வைத்து முடிவெடுப்பது?

312 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஓஎம்ஆர் தாளின் (விடை வட்டங்களை நிரப்பிய தாளின்) நகல், வினாத்தாள், இறுதி விடைக்குறிப்பு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இழந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியாது, தெரிந்தும் தவறு, ஊகம், நேரமில்லை.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். உதாரணத்துக்கு, 93 சரி, 60 தவறு, 27 விட்டது என்றால் 372-இல் 60 போக 312. இந்த 60 தவறில் 25 ‘தெரிந்தும் தவறு’ என்று வந்தால், அவற்றைத் திருத்துவதால் மட்டும் 125 மதிப்பெண் கூடும். ஒரு தவறு சரியாகும்போது போன 1 திரும்பி வந்து, மேலே 4 சேர்கிறதே! அப்படியானால் இன்னொரு ஆண்டு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று பாடத்திலும் ‘பாடம் தெரியாது’ என்பதே நிறைந்திருந்தால், என்சிஇஆர்டி புத்தகத்தை (மத்தியப் பாடத்திட்டப் பாடநூலை) முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்குத் தயாரா என்று மாணவரே சொல்லட்டும், பெற்றோர் சொல்ல வேண்டாம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கோ அதிகபட்ச வயதுக்கோ இப்போது வரம்பு இல்லை.

தகுதி பெற்றதாக முடிவு வந்திருக்கிறது. சீட் உறுதிதானே?

இல்லை. பொதுப்பிரிவுக்கு 50, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40 பெர்சன்டைல் (தேர்வு எழுதியவர்களில் அத்தனை சதவீதம் பேருக்கு மேலே இருப்பது) என்பது கலந்தாய்வுக்குள் நுழையும் வாசல் மட்டுமே. அரசுக் கல்லூரி எம்பிபிஎஸ் இடங்கள் அதைவிட வெகு மேலேயே முடிந்துவிடும். ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் போட்டி வேறு. ‘எனக்கெங்கே கிடைக்கப் போகிறது’ என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இயற்பியலில் மட்டும் 38. உயிரியல் நன்றாக வருகிறது. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம், ஆனாலும் கணக்கு வரவில்லை.

சூத்திரம் தெரிவது ஒன்று, எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது வேறொன்று. பெரும்பாலும் சறுக்குவது அலகில்தான். 2 கிலோ நிறையுள்ள பொருள் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, இயக்க ஆற்றல் என்ன? 36-ஐ விநாடிக்கு 10 மீட்டர் என்று மாற்றினால் விடை 100 ஜூல். மாற்றாமல் போட்டால் 1296. அந்த 1296 விடைகளில் ஒன்றாக இருந்துவிட்டால், ‘விடை வந்துவிட்டது’ என்ற நிம்மதியோடு தவறானதைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். எனவே எந்தக் கணக்கிலும் முதல் வரி, கொடுத்த அளவுகளை எஸ்ஐ அலகில் (மீட்டர், கிலோகிராம், விநாடி போன்றவற்றில்) எழுதுவதாக இருக்கட்டும்.

அடுத்தது கைக்கணக்கு. தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. வீட்டில் அதை வைத்துப் பழகியவர்களுக்குப் பின்னப் பெருக்கலிலேயே நேரம் போய்விடும். இன்றே அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

பாட வரிசையில், நேரடிக் கேள்விகள் வரும் மின்னோட்டவியல், குறைக்கடத்திகள், அணுவும் அணுக்கருவும், வெப்ப இயக்கவியல் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். சுழற்சி இயக்கத்தில் தொடங்கி அங்கேயே மூன்று வாரம் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் என்சிஇஆர்டி எடுத்துக்காட்டுகளை விடையை மூடிவைத்துப் போடுங்கள். பிறகு பழைய வினாக்கள் 40, கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகிப்பதா?

நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி லாபம் 1.5, அங்கே தயங்காமல் எழுதுங்கள். ஆபத்தானது அரைகுறை ஞாபகம். ‘எங்கோ படித்தேன்’ என்று தோன்றும் விடை பல நேரம் அதற்காகவே வைக்கப்பட்ட பொறியாக இருக்கும். மாதிரித் தேர்வுகளில் ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து, எத்தனை தேறியது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்று அது சொல்லிவிடும்.

மாதிரித் தேர்வில் 450 வரை வந்த பையன், உண்மைத் தேர்வில் 350-தான் எடுத்தான். பதற்றமா?

பதற்றமும் இருக்கலாம். அதற்கு முன் மாதிரித் தேர்வுகளை எப்படி எழுதினான் என்று கேளுங்கள். பகுதி பகுதியாக, இரவில், செல்போனில் எழுதி வந்த 450-ஐ நம்ப முடியாது. நீட் பிற்பகல் 2 முதல் 5 வரை, 180 நிமிடத்தில் 180 கேள்வி. அதே நேரத்தில், முழுப் பாடத்துக்கும், அச்சிட்ட ஓஎம்ஆர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டும். உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மீதி 15 சரிபார்க்க என்று தொடங்கலாம். வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பவே கூடாது. பக்கத்துக்குப் பக்கம் நிரப்பட்டும். ஒரு கேள்வியை விட்டுப் போகும்போது வரிசை ஒன்று தள்ளிப்போனால் கீழே உள்ள அத்தனையும் தவறாகும், மையை அழிக்கவும் முடியாது. தேர்வுக்கு 3 மணி நேரம் என்றால், அதை அலசவும் 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

முடிவு வந்ததிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை.

படிப்புப் பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். உறவினர் மதிப்பெண் கேட்டால் பதிலை நீங்களே சொல்லி முடித்துவிடுங்கள், அவளைக் கூப்பிட வேண்டாம். இரவில் தனியாக விடாதீர்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்காமல் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணை அழையுங்கள். இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு.

மறுபடி எழுதும்போதே வேறு படிப்பில் சேர்ந்துகொள்ளலாமா?

சேரலாம். தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. நீட் முடிவுக்காகக் காத்திருந்து அந்தக் கடைசித் தேதிகளைத் தவறவிடாதீர்கள். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு நீட் வேண்டும், ஆனால் விண்ணப்பம் தனி. எம்பிபிஎஸ்-க்குப் போட்டதே போதும் என்று இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். எங்கே சேர்ந்தாலும் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அசல் சான்றிதழ்கள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.